முதுகுப்பையோடு ஒரு நாள் காட்டு நடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் காட்டுப் பாதையில் இறங்கி, இருட்டுவதற்குள் வெளியே வந்துவிடும் ஒரு நாள் நடையைப் பற்றித் தொடர்ந்து வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கூடாரம் அடித்துத் தங்குவதும் கயிறு கட்டிப் பாறை ஏறுவதும் இதில் சேராது. விலங்குகளைப் பற்றித்தான் கேள்விகள் அதிகம், பயமும் அதிகம். மனிதனைத் தேடி வந்து தாக்கும் விலங்கு மிக அரிது. பாதை வளைவில் பத்தடி தூரத்தில் திடீரென்று எதிர்ப்படும் விலங்குதான் ஆபத்து. அதனால் கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இரண்டு விஷயங்களைச் சுற்றியே வரும்: அது உங்களைப் பார்க்கும் முன் நீங்கள் அதைப் பார்ப்பது, வெளிச்சம் இருக்கும்போதே வெளியேறுவது.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

நன்றாக விடிந்த பிறகு. பல பாலூட்டிகள் அதிகம் நடமாடுவது அதிகாலையிலும் அந்தியிலும்தான். அந்த நேரத்தில் அடர்ந்த புதர்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் இருக்கக் கூடாது. பறவை பார்க்க விடியல்தான் நல்ல நேரம் என்பது உண்மை. அதற்குக் காட்டின் விளிம்பில், நாலாபக்கமும் பார்வை போகும் திறந்த இடத்தில் நின்று ஒரு மணி நேரம் பாருங்கள். நிழலும் வெளிச்சமும் பிரிந்து தெரிய ஆரம்பித்ததும் உள்ளே நடங்கள்.

எவ்வளவு தூரம் போகலாம் என்று எப்படிக் கணக்கிடுவது?

1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்ன கணக்கு இன்றும் உதவுகிறது: சமதளத்தில் 5 கி.மீ.க்கு ஒரு மணி நேரம், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். 12 கி.மீ. தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் 2 மணி 24 நிமிடம், கூடவே 1 மணி. மொத்தம் 3 மணி 24 நிமிடம். இது திடகாத்திரமானவர் நிற்காமல் நடந்தால் ஆகும் நேரம். பையைச் சுமந்துகொண்டு, நின்று பார்த்து, வேர்களும் சேறும் நிறைந்த பாதையில் நடப்பவர்கள் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஆக 5 மணி நேரம். சாப்பாடு, ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஆறரை.

இதைவிட முக்கியமானது திரும்பும் நேரம். "எங்கே இருந்தாலும் சரி, பன்னிரண்டரைக்குத் திரும்பிவிடுவோம்" என்று கிளம்பும் முன்பே முடிவு செய்து, குழுவில் எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். உச்சி கண்ணுக்குத் தெரிகிறதே, இன்னும் இருபது நிமிடம்தானே என்று அந்த நேரத்தைத் தள்ளிப்போட்டவர்கள்தான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். கடிகாரம் இல்லாவிட்டால் கையை நேராக நீட்டி, உள்ளங்கை உங்களைப் பார்க்க, நான்கு விரல்களும் ஒட்டிக் கிடைமட்டமாக இருக்கும்படி மணிக்கட்டை மடக்கி, சூரியனின் அடிவிளிம்புக்கும் தொடுவானத்துக்கும் இடையே வைத்துப் பாருங்கள். ஒரு விரல் ஏறக்குறைய 15 நிமிடம். நான்கு விரல் அடங்கினால் ஒரு மணி நேரம். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் அந்தி மிகக் குறுகியது. அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே வெளியைவிட முன்னதாகவே இருட்டிவிடும்.

பை எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? எப்படி அடுக்குவது?

ஒரு நாளைக்கு 20 முதல் 30 லிட்டர் போதும். பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் விட மனம் வராது. எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கனமான தண்ணீரும் சாப்பாட்டுப் பெட்டியும் முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் வரவேண்டும். கனம் அடியில் இருந்தால் பை பின்னால் இழுக்கும், நீங்கள் முன்னால் குனிவீர்கள், மூன்றாவது மணி நேரத்தில் கீழ்முதுகு பிடித்துக்கொள்ளும். மழைச்சட்டை, டார்ச், முதலுதவி மூன்றும் கையை விட்டதும் எடுக்கிற மாதிரி மேலே.

மாட்டும் வரிசைக்கும் ஒரு முறை உண்டு. எல்லாப் பட்டைகளையும் தளர்த்திப் பையைப் போடுங்கள். முதலில் இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் உட்காரவைத்து இறுக்குங்கள்; வயிற்றின் மேல் ஏறினால் மூச்சு முட்டும். அடுத்து பையின் தோள்வார்களை முதுகோடு பை ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுங்கள். கடைசியில் மார்புக் கொக்கி. எடையில் பெரும்பங்கை இடுப்புதான் தாங்க வேண்டும். தோளில் சிவந்த கோடு விழுந்தால் இடுப்புப் பட்டை தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பைக்கு வெளியே போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். முதுகுப் பக்கம் வழியாகத் தண்ணீர் இறங்கும். உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் பொருள்களை அடுக்கி, வாயை முறுக்கி மடித்துவிட்டால் ஓடையில் விழுந்தால்கூட மாற்றுடை நனையாது.

கட்டாயம் எடுத்துப் போக வேண்டியவை எவை?

தண்ணீர், அதிகப்படியாக ஒரு வேளைச் சாப்பாடு, மழைச்சட்டை, மெல்லிய கம்பளி அல்லது ஃப்ளீஸ் மேலாடை (1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும்), தாள் வரைபடம், திசைகாட்டி, விசில், தலையில் மாட்டும் டார்ச், கத்தி, தீப்பெட்டி, முதலுதவி, பவர் பேங்க். பகல் நடைதானே என்று டார்ச்சை வீட்டில் விட்டுப் போவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. விசில் பைக்குள் இருந்தால் பயனில்லை. மார்புப் பட்டையில் தொங்கட்டும்.

எவ்வளவு தண்ணீர்?

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர், கடும் வெயிலிலும் ஏற்றத்திலும் ஒரு லிட்டர் வரை. ஆறு மணி நேர நடைக்கு 3 லிட்டருடன் கிளம்பலாம். ஒரே குப்பியில் வேண்டாம். ஒன்று உடைந்தாலோ உருண்டு போனாலோ இன்னொன்று இருக்கும். குழாய் வைத்து உறிஞ்சும் தண்ணீர்ப்பை வசதிதான், ஆனால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் நடுவழியில் காலியாகிவிடும்.

வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்பி வராமல் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அது காட்டும் அறிகுறிகளை நீரிழப்பு என்று நினைத்து மேலும் குடிக்க வைப்பார்கள். இடையிடையே உப்புள்ள தின்பண்டமோ உப்பு சர்க்கரைக் கரைசலோ போகட்டும். கரைசல் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவு தண்ணீரில்தான் கலக்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு.

ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். நன்றாகக் கொதி வந்த பின் ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள். 2000 மீட்டருக்கு மேலே 3 நிமிடம். கையடக்க வடிகட்டிகள் பாக்டீரியாவையும் ஒட்டுண்ணிகளையும் பிடிக்கும், வைரஸ்கள் அவற்றில் பெரும்பாலானவற்றின் துளை வழியே போய்விடும். மேலே குடியிருப்போ மேய்ச்சலோ இருக்கும் ஓடையில் வடிகட்டிய பின் அந்தத் தண்ணீரில் நீர் சுத்திகரிப்பு மாத்திரையும் போடுங்கள்.

கால் கொப்புளிக்காமல் இருக்க என்ன செய்வது?

கொப்புளத்துக்கு வேண்டியவை மூன்று: உராய்வு, ஈரம், சூடு. புதுக் காலணியோடு காட்டுக்குப் போகாதீர்கள். முன்னதாக ஊருக்குள் 30, 40 கி.மீ. நடந்து பழக்குங்கள். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. நகத்தை ஒட்ட வெட்டிவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் இறக்கத்தில் பெருவிரல் நகம் கறுக்கும். ஓரிடத்தில் சுருக்கென்று சூடு தெரிந்தால் அந்த நிமிடமே உட்கார்ந்து, துடைத்து உலர்த்தி, மருத்துவ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். "சாப்பிட உட்காரும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பவருக்குச் சாப்பாட்டு வேளையில் கொப்புளம் தயாராக இருக்கும்.

என்ன நிறத்தில் உடுத்துவது? விலங்குக்கு நம்மைத் தெரியாமல் இருக்குமா?

மான், யானை போன்ற பெரும்பாலான பாலூட்டிகளுக்கு நம்மைப் போல் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நிறத்தைவிட அசைவும் மணமும்தான் நம்மைக் காட்டிக்கொடுக்கும். பறவைகள் நம்மைவிட நன்றாக நிறம் பார்க்கும், அவற்றுக்காக மண் நிறம், மங்கிய பச்சை நல்லது. வாசனைத் தைலம், மணமுள்ள பவுடர், தலைக்குப் பூசும் ஜெல் எதுவும் வேண்டாம். மணம் மலைத்தேனீயைச் சீண்டிவிடலாம்; அது இருக்கும் காட்டில் இது வெறும் நாசூக்கு விஷயம் இல்லை, உயிர் விஷயம்.

பக்கத்தில் விலங்கு இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நடையில் மிகச் சுவையான பகுதி இதுதான். நிதானம் இருந்தால் யாரும் கற்றுக்கொள்ளலாம்.

யானை லத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்பரப்பு பளபளப்பாக, ஈரமாக, உடைத்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தால் அது போய் அதிக நேரம் ஆகவில்லை. வெளிப்புறம் காய்ந்து நார் தெரிந்து, உள்ளே வண்டுகள் குடைந்த துளை இருந்தால் நேற்றையதோ அதற்கு முந்தையதோ. ஒடிந்த கிளையின் முனையில் சாறு இன்னும் கசிகிறதா, மரப்பட்டையில் அப்பிய சேறு விரலில் ஒட்டுகிறதா என்றும் பாருங்கள். தடம் தெளிவாக விழுந்திருந்தால் முன்னங்காலின் சுற்றளவைக் கயிறால் அளந்து இரண்டால் பெருக்குங்கள். தோள் உயரம் ஏறக்குறைய கிடைத்துவிடும். 1.3 மீட்டர் சுற்றளவு என்றால் 2.6 மீட்டர் உயர யானை.

பூனை இனத் தடத்தில் பெரும்பாலும் நகக்குறி இருக்காது, நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய பாதத்திண்டின் பின்விளிம்பு மூன்று மடிப்பாகத் தெரியும். நாய், செந்நாய், ஓநாய்த் தடங்களில் விரல்களுக்கு முன்னால் நகப் புள்ளிகள் விழும், தடமும் நீளவாக்கில் இருக்கும். கழுதைப்புலியின் எச்சம் காய்ந்தால் சுண்ணாம்பு போல் வெளுத்துவிடும். அது தின்ற எலும்பின் சுண்ணாம்புச் சத்து அது.

கண்ணைவிடக் காது முக்கியம். ஆசியக் காடுகளில் புள்ளிமானின் கீச்சென்ற எச்சரிக்கைக் குரலும், மந்தியின் அடித்தொண்டைக் குரைப்பும், கடமானின் ஒற்றைக் கனத்த கூவலும் ஏதோ இரைகொல்லி நடமாடுகிறது என்ற அறிவிப்பு. புள்ளிமான்கள் சின்னச் சலசலப்புக்கும் கத்திவிடும். கடமான் ஒரே திசையைப் பார்த்து, காலால் தரையைத் தட்டிக்கொண்டே திரும்பத் திரும்பக் கூவினால் அதை நம்பலாம். அந்தத் திசைக்கு நடக்காதீர்கள். பத்து நிமிடம் நின்று, குரல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேளுங்கள். காடு சட்டென்று ஊமையாகிவிட்டாலும் நிற்க வேண்டும்.

சத்தம் போட்டுக்கொண்டு போவதா, அமைதியாகப் போவதா?

பார்வை நீளும் இடத்தில் அமைதியாக. மூங்கில் புதர், உயரப் புல், ஓடை இரைச்சல், குருட்டு வளைவு ஆகிய இடங்களில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே போங்கள், கைத்தடியைத் தரையில் தட்டுங்கள். ஓடைச் சத்தத்தில் உங்கள் காலடி விலங்குக்குக் கேட்காது, அதன் காலடியும் உங்களுக்குக் கேட்காது. கத்துவதும் பாட்டு போடுவதும் வேண்டாம். காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம்?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் கரடி, ஓநாய், பூமா ஆகியவற்றுக்கு 100 கெஜம், அதாவது 91 மீட்டர். மற்ற விலங்குகளுக்கு 25 கெஜம் என்பது சட்டம். உங்கள் காட்டில் வனத்துறை சொல்லும் தூரம் எதுவோ அதுதான் அங்கே செல்லும். அளவுநாடா இல்லாமல் பார்க்க ஒரு வழி: கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை விலங்கின் மேல் வையுங்கள். முழு விலங்கும் விரலுக்குப் பின்னால் மறைந்தால் தூரம் போதும். நீட்டிய கையில் விரலகலம் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கை மறைக்கும், அதனால் ஒன்றரை மீட்டர் நீள மானுக்கு 45 மீட்டரும், 6 மீட்டர் நீளத் தோற்றம் தரும் யானைக்கு 180 மீட்டரும் வரும். பெரிய விலங்குக்குப் பெரிய தூரம் தானாகவே கிடைத்துவிடுகிறது.

விலங்கு மேய்வதை நிறுத்தி உங்களைப் பார்த்தாலே நீங்கள் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். இரண்டடி பின்வாங்குங்கள்.

யானை எதிரே வந்துவிட்டால்?

யானைக்குப் பார்வை சுமார், மோப்பமும் காதும் அபாரம். முதலில் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பாருங்கள். கொஞ்சம் உலர்ந்த மண்ணைக் கிள்ளி உதிர்த்தால் தெரியும். காற்று உங்களிடமிருந்து அதை நோக்கிப் போனால் அது உங்களை அறிந்துகொண்டுவிடும். அது உங்களைக் கவனிக்காமல் மேய்ந்துகொண்டிருந்தால், வந்த வழியே ஓசையில்லாமல் திரும்புவதுதான் வழி. சுற்றிக்கொண்டு தாண்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒரு யானை தெரிந்தால் புதருக்குள் இன்னும் நான்கு இருக்கலாம், குட்டியும் தாயும் உங்களுக்கு இரு பக்கமும் ஆகிவிட்டால் நிலைமை கைமீறும்.

காதை ஆட்டிக்கொண்டு, வாலை வீசிக்கொண்டு தின்னும் யானை நிம்மதியாக இருக்கிறது. காதாட்டம் நின்று, துதிக்கை உங்கள் பக்கம் உயர்ந்து மோப்பம் பிடித்தால் அது யோசிக்கிறது. அந்தச் சில நொடிகள்தான் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். கன்னத்தில் மதநீர் வழிந்த கறை தெரிந்தால் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள்.

காதை அகல விரித்து, பிளிறி, நாலடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். துதிக்கையைச் சுருட்டி, காதைப் பின்னுக்கு ஒட்டி, சத்தமில்லாமல் வந்தால் அது நிஜம் என்பார்கள். பொதுவாக இது சரி என்றாலும், மிரட்டல் நடுவில் நிஜமாக மாறுவதும் உண்டு. எது என்று நின்று ஆராயாமல், கண்ணை எடுக்காமல் பின்வாங்கி, உங்களுக்கும் அதற்கும் நடுவே பெரும்பாறையோ தடித்த மரங்களோ ஆழப் பள்ளமோ வரும்படி நகருங்கள். யானையால் தாவ முடியாது. துரத்தினால் பையையோ சட்டையையோ கழற்றி எறியுங்கள். அதை நின்று மோந்து மிதிக்கும் நேரம் உங்களுக்குக் கிடைக்கலாம். ஆசிய யானை மணிக்குச் சுமார் 25 கி.மீ. வேகத்தில் வரும். மேடுபள்ளத்தில் காலணியோடு ஓடும் மனிதரால் திறந்த வெளியில் அதை முந்த முடியாது.

கரடி?

எந்தக் கரடி என்பதைப் பொறுத்தது. தெற்காசியாவின் தேன்கரடி திடுக்கிட்டால் உடனே பாய்ந்துவிடும். புற்றுக்குள் மூக்கை விட்டு உறிஞ்சும்போது நாம் வருவது அதற்குத் தெரியாது. புதிதாகத் தோண்டிய கறையான் புற்று கண்ணில் பட்டால் பேச்சுச் சத்தத்தைக் கூட்டுங்கள். வட அமெரிக்கப் பழுப்புக் கரடி தற்காப்புக்காகத் தாக்கினால் குப்புறப் படுத்து, கைகளைப் பின்கழுத்தில் கோத்து, பையை முதுகிலேயே விட்டு அசையாமல் கிடக்கச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கருங்கரடி தாக்கினால் எதிர்த்து அடிக்க வேண்டும். எந்தக் கரடியிடமிருந்தும் ஓடாதீர்கள், மரமும் ஏறாதீர்கள். கரடி மிளகுத் தெளிப்பான் அனுமதி உள்ள இடங்களில் அதை இடுப்பில் வையுங்கள், பைக்குள் இருந்தால் எடுக்க நேரம் இருக்காது.

சிறுத்தை, புலி?

ஓடாதீர்கள், குனியாதீர்கள், முதுகு காட்டாதீர்கள். ஓடும் உருவமும் குனிந்த உருவமும் இரை போலத் தெரியும். குழந்தைகளைக் குனியாமல் தூக்கிக்கொண்டு, குழு ஒன்றாக நெருங்கி நின்று, கைகளை உயர்த்தி, கனத்த குரலில் பேசியபடி மெல்லப் பின்வாங்குங்கள். குட்டிகளைப் பார்த்தால் தாய் அருகில்தான் இருக்கிறாள். இலை மூடிய இரை கிடந்தால், அழுகிய வாடை வந்தால், அந்த இடத்தை விட்டு உடனே கிளம்புங்கள்.

காட்டுமாடு, காட்டுப்பன்றி?

காட்டுமாடு பக்கவாட்டில் திரும்பி முழு உடலையும் காட்டி நிற்பது அழகுக்காக இல்லை, தன் பருமனைக் காட்டி எச்சரிக்கிறது. சீறினால் விலகி மரத்துக்குப் பின்னால் போங்கள். பன்றி குட்டிகளோடு இருந்தால் வழிவிடுங்கள். ஒரு பாறை மேல் ஏறினாலே போதும்.

குரங்கு பையைப் பிடுங்கினால்?

விட்டுவிடுங்கள். இழுபறி செய்தால் கடிக்கும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், அதை அது மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடும் நீரில் முழுமையாக 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றி மருத்துவரைப் பாருங்கள். வௌவால் கடிக்கும் இதே விதி.

பாம்பு கடித்தால் சரியாக என்ன செய்ய வேண்டும்?

முதலில் பாம்பிடமிருந்து விலகி, கடிபட்டவரைப் படுக்க வையுங்கள். மோதிரம், கடிகாரம், கொலுசு, இறுக்கமான காலணி எல்லாவற்றையும் வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட கை அல்லது காலை எலும்பு முறிவுக்குக் கட்டுவது போல ஒரு குச்சியை வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வைத்திருங்கள். தசை அசைய அசைய நஞ்சு பரவும். கடித்த நேரத்தை அவர் கையிலேயே பேனாவால் எழுதுங்கள். பிறகு அவரை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். இரண்டு உறுதியான கம்புகளைச் சட்டைக் கைகளுக்குள் நுழைத்தால் தூக்கும் படுக்கை ஆகிவிடும். வாந்தி வந்தால் இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள்.

கயிறு கட்டி இறுக்குவது, கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பனிக்கட்டி வைப்பது, மூலிகை அரைத்துக் கட்டுவது எதுவுமே கூடாது. இறுகக் கட்டிய கயிறு இரத்த ஓட்டத்தை நிறுத்தி உறுப்பையே அழுகவைக்கும். மருத்துவமனையில் சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய நஞ்சு ஒரேயடியாக உடலுக்குள் பாயும். மருந்து நஞ்சுமுறிவு ஊசி ஒன்றுதான். கிளம்பும் முன்பே அந்த ஊசி இருக்கும் மருத்துவமனை எது என்று கேட்டு எழுதிவைப்பது பயணத் திட்டத்தின் பகுதி. பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போகாதீர்கள், இரண்டாவது ஆளும் கடிபடுவார். தூரத்திலிருந்து படம் கிடைத்தால் சரி, கிடைக்காவிட்டாலும் அறிகுறிகளையும் இரத்தம் உறையும் சோதனையையும் வைத்து மருத்துவர் முடிவு செய்வார். வலியோ வீக்கமோ இல்லை என்று வீட்டுக்குப் போய்விடாதீர்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பல சமயம் ஒன்றுமே தெரியாது. சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், மூச்சு தடுமாறும்.

தவிர்ப்பது எளிது. விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே தாண்டாகத் தாண்டாமல், அதன் மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்து இறங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத பாறை இடுக்கில் கையை விடாதீர்கள். ஈரக் காடுகளில் பச்சை விரியன் கிளையோடு கிளையாகக் கை உயரத்தில் கிடக்கும், சறுக்கும்போது கிளையைப் பிடிக்கும் பழக்கத்தை விட்டுக் கைத்தடியை ஊன்றுங்கள்.

தேனீக்கள் கிளம்பிவிட்டால்?

ஓடுங்கள். இந்தப் பக்கத்தில் ஓடச் சொல்லும் ஒரே உயிரினம் இதுதான். வழி தெரியும்படி முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, கையை வீசாமல், நேர்கோட்டில் சில நூறு மீட்டர். அடர்ந்த புதர் வழியாக ஓடினால் இன்னும் நல்லது. தண்ணீரில் குதித்தால் தலை வெளியே வரும்வரை மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு கொட்டு விழுந்ததும் வாழைப்பழ வாசனையுள்ள எச்சரிக்கை மணம் பரவி, மற்றவற்றை அதே இடத்துக்கு அழைக்கும். அதனால் பாதுகாப்பான இடம் சேர்ந்ததும் நகத்தாலோ விரலாலோ கொடுக்குகளை உடனே அகற்றுங்கள். எப்படி எடுக்கிறோம் என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதே முக்கியம்.

பாறை விளிம்பிலோ உயர்ந்த மரக்கிளையிலோ தொங்கும் மலைத்தேனீக் கூட்டின் மேல் அலை அலையாகப் பளபளப்பு ஓடினால் அவை உஷாராகிவிட்டன. அடியில் உட்கார்ந்து சாப்பிடுவதோ புகை பிடிப்பதோ கூடாது. கொட்டிய பின் உதடு வீங்குவது, உடம்பெங்கும் தடிப்பு, மூச்சு இழுப்பு, மயக்கம் வந்தால் அது உயிராபத்தான ஒவ்வாமை. அட்ரினலின் ஊசிப் பேனா இருந்தால் தொடையின் வெளிப்பக்கம் போட்டு, மருத்துவமனைக்கு விரையுங்கள்.

அட்டையும் உண்ணியும்?

அட்டை நோய் பரப்புவது அரிது, அசௌகரியம்தான். உப்பு, நெருப்பு, புகையிலை வைத்தால் அது குடித்ததைக் காயத்துக்குள் கக்கும். நகத்தைத் தோலோடு ஒட்டிச் சறுக்கி, முதலில் மெலிந்த வாய்முனையை, பிறகு தடித்த பின்முனையை விடுவியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருள் அதன் எச்சிலில் இருப்பதால் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ கசியும், பயப்பட வேண்டாம். கழுவி, பஞ்சை வைத்து அழுத்திக் கட்டுங்கள். முழங்கால் வரை வரும் நெருக்கமான நெசவுக் காலுறையை, கால்சட்டைக்கு மேலாக அணிந்தால் பெரும்பாலும் தப்பலாம்.

உண்ணிதான் உண்மையான கவலை. எண்ணெய் தடவி மூச்சடைக்க வைக்கும் வேலை வேண்டாம். கூர்முனை இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். வயிற்றைப் பிடித்து நசுக்கினால் உள்ளே இருப்பது உங்கள் உடலுக்குள் போகும்.

ஓடையைக் கடப்பது எப்படி?

முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடும் நீரில் இறங்காதீர்கள். கலங்கல், மிதந்து வரும் இலைகுப்பை, கூடிக்கொண்டே வரும் இரைச்சல் ஆகியவை மேலே மழை பெய்கிறது என்று சொல்கின்றன. கரையில் காத்திருங்கள் அல்லது திரும்புங்கள். கடக்கும்போது பையின் இடுப்புக் கொக்கியையும் மார்புக் கொக்கியையும் அவிழ்த்துவிடுங்கள், விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். அகலமான இடத்தில் ஆழம் குறைவு. தடியை நீரோட்டத்துக்கு எதிராக ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் நகர்த்துங்கள். முதலை இருக்கும் ஆற்றில் கரையோரம் கூட நிற்கக் கூடாது.

இடி மின்னல்?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குள் என்றால் அது சுமார் 10 கி.மீ. தூரத்துக்குள் இருக்கிறது, உங்களைத் தாக்கும் எல்லைக்குள் வந்துவிட்டது. உச்சி, முகடு, தனி மரம், நீர்நிலை எல்லாவற்றையும் விட்டு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை மறுபடி ஏறாதீர்கள்.

வழி தவறிவிட்டால்?

சந்தேகம் வந்த அந்த இடத்திலேயே நில்லுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள். கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம் எது, அங்கிருந்து எத்தனை நிமிடம் நடந்தோம் என்று யோசியுங்கள். வந்த தடத்தில் திரும்பி அந்த இடத்தை அடைய முடியுமென்றால் மட்டும் நகருங்கள். ஓடையைப் பிடித்துக் கீழே போனால் ஊர் வரும் என்ற நம்பிக்கை பலரை அருவி விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. சிக்னல் இல்லாவிட்டாலும் போனின் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கிவைத்திருக்க வேண்டும். ஃப்ளைட் மோடில் வைத்தால் மின்கலம் நெடுநேரம் நிற்கும்.

உதவி வேண்டுமானால் ஒரு நிமிடத்தில் ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுங்கள். ஆல்ப்ஸ் மலைகளிலிருந்து வந்த அபாயக் குறி இது. வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவது வழக்கம். இருட்டினால் டார்ச்சாலும் இதையே செய்யலாம்.

பைனாகுலர் எது வாங்கலாம்?

8-க்கு 42. எட்டு மடங்கு பெருக்கம், 42 மி.மீ. முன்வில்லை. பத்து மடங்கில் கை நடுக்கமும் பத்து மடங்காகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 42-ஐ எட்டால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டம் 5.25 மி.மீ.; மரநிழலுக்கு அது வேண்டும். மார்பிலேயே தொங்கட்டும், பைக்குள் இருக்கும் பைனாகுலர் எதையும் காட்டாது.

காட்டில் கழிவறைக்கு என்ன செய்வது? பழத்தோலை எறியலாமா?

ஓடையிலிருந்தும் பாதையிலிருந்தும் 60 மீட்டர், ஏறக்குறைய 80 எட்டு தள்ளிப் போய், 15 முதல் 20 செ.மீ. ஆழக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். தாளையும் ஈரத்துடைப்பானையும் உறையில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். பழத்தோலையும் எறிய வேண்டாம். ஆரஞ்சுத் தோல் மக்க மாதக்கணக்கில் ஆகும், அதற்குள் பாதையோரம் சாப்பாடு கிடைக்கும் என்று குரங்கும் பன்றியும் பழகிவிடும். மனிதரிடம் உணவு எதிர்பார்த்துப் பழகிய விலங்குகள் கடைசியில் பிடிக்கப்படுகின்றன அல்லது கொல்லப்படுகின்றன.

திரும்பி வந்த பிறகு ஏதாவது செய்ய வேண்டுமா?

யாரிடம் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவருக்கு உடனே சொல்லுங்கள், இல்லாவிட்டால் தேடல் தொடங்கிவிடும். உடைகளைத் தனியாகக் கழற்றி வெந்நீரில் துவையுங்கள். குளித்துக்கொண்டே அக்குள், தொடையிடுக்கு, முழங்கால் மடிப்பு, தொப்புள், காதுக்குப் பின்புறம், தலைமுடி வேர் ஆகிய இடங்களில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். குட்டி உண்ணி எள்ளை விடச் சிறியது.

அடுத்த மூன்று வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக, எந்தத் தேதியில் எந்தக் காட்டில் நடந்தீர்கள் என்று சொல்லுங்கள். உடம்பில் எங்காவது சிகரெட் சுட்ட வடு போன்ற கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று துணையாளை விட்டுப் பார்க்கச் சொல்லி, இருந்தால் அதைக் காட்டுங்கள். வலிக்காது என்பதால் பலர் அதைக் கவனிப்பதில்லை. புதர்களில் இருக்கும் நுண்சிலந்திப் பூச்சியின் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸின் அடையாளம் அது. சீக்கிரம் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் மாத்திரையில் குணமாகும்.